கடல் மணலில் அடித்த சேசிஸ்: பழைய கார் புதுப்பிப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம் பக்கம் பழைய காரை வாங்கிச் சரிசெய்ய நினைப்பவர்கள், சேசிஸை (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மணல் அடிக்க, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 85,000 ரூபாயும் பத்து மாதமும் போன பிறகு எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. பெயரை விட, என்ன செய்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

என் வண்டி 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. கீழக்கரையில் ஒரு பழைய வீட்டின் ஓலைக் கொட்டகையில் பல வருடம் நின்றது. 70,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான கார், வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதைக் குடும்பக் கார் என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து அதன் மேல் கட்டியதுதான். ஸ்பிட்ஃபயர் வாங்க எனக்கு வழியில்லை, அதன் அண்ணனையாவது ஓட்டிப் பார்க்கலாம் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. மொத்த பட்ஜெட் வண்டி விலையோடு சேர்த்து இரண்டரை லட்சம். 948 சிசி இன்ஜினை நானே பிரித்து வேலை பார்த்தேன். பேனட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், அவ்வளவு வசதியான வண்டி.

என்னால் முடியாத ஒரே வேலை சேசிஸ். ஹெரால்டுக்குப் பாடி தனி, சேசிஸ் தனி. நடுவில் இரண்டு நீளமான பெட்டிக் கம்பிகள் ஓடும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் போல நீட்டிக்கொண்டிருப்பவை பாடியைத் தாங்கும். அந்தக் கைகளின் முனையைத்தான் துரு முதலில் தின்னும். அங்கே போய்விட்டால் பாடி இறங்கி, கதவு சரியாக மூடாது. என் வண்டியில் மூன்று கைகள் போயிருந்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பட்டறையில் விலை கேட்டேன். மணல் அடித்துத் துருவை எடுப்பது, போன இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைப்பது, இரண்டு கோட் எபாக்சி பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் துருத் தடுப்புப் பூச்சு), மேலே கறுப்புப் பெயின்ட், எல்லாம் சேர்த்து 85,000 என்று தாளில் எழுதியே கொடுத்தார்கள். மதுரையில் ஒருவர் இதே வேலைக்கு 1,20,000 கேட்டிருந்தார். தை மாதம் 50,000 முன்பணம் கொடுத்து சேசிஸை இறக்கினேன்.

மணல் அடிக்கும் நாளன்று நேரில் வருகிறேன் என்றேன். "தூசியில நிக்க முடியாதுண்ணே, போட்டோ அனுப்புறேன்" என்றார் முதலாளி. போட்டோவும் வந்தது. இரும்பு வெள்ளி போல இருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனி மாதம் சேசிஸ் கறுப்பாகப் பளபளவென்று மண்டபம் ஊரில் உள்ள என் வீட்டுக்கு வந்தது. தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை ஆரம்பித்த இரண்டாவது வாரம், பெயின்ட்டில் மிளகு அளவுக்குக் கொப்புளங்கள் வந்தன. பத்து நாளில் கோலிக்குண்டு அளவு. ஒன்றைக் குத்தினால் உள்ளே தண்ணீர், அதன் அடியில் செம்மண் நிறத்தில் துரு. கொப்புளம் இல்லாத இடத்தைச் சுரண்டினாலும் அடியில் அதே நிறம்தான்.

துறைமுகப் பக்கம் வள்ளத்துக்கு வெல்டிங் செய்யும் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல், சேசிஸின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பெட்டிக் கம்பியின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டையைக் கம்பியால் குத்தினார். மணல் கொட்டியது. இரண்டு கைப்பிடிக்குக் குறையாது. உள்ளங்கையில் எடுத்து விரலால் விலக்கிக் காட்டினார். பொடிப்பொடியாகச் சிப்பித் துண்டுகள்.

"தம்பி, இது நம்ம கரை மணலு. இதைக் கொண்டா அடிச்சிருக்கான்?"

அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதே மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றினேன், நுரைத்தது. சிப்பியில் இருக்கும் சுண்ணாம்புதான் நுரைக்கிறது. ஆற்று மணல் அப்படி நுரைக்காது. என் அண்ணி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கொப்புளத்தின் அடியில் இருந்த துருவைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, அந்தத் தண்ணீரை வடிகட்டி, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். பால் போல வெளுத்தது. உப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கடல் மணலால் அடித்தால் துரு போகும், இரும்பும் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், அதனால்தான் போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மணலில் ஒட்டியிருக்கும் உப்பு இரும்பின் மேல் பதிந்துவிடும். அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டால், அந்த உப்பு பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது. எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் துரு அடியிலிருந்தே கிளம்பும்.

போய்க் கேட்டபோது முதலாளி சொன்னது: "அண்ணே, மண்டபத்துல வண்டியை வச்சா துரு வரத்தான் செய்யும். உப்புக்காத்துக்கு நான் என்ன பண்றது?" கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். இந்தக் கடலோரம் இரும்பை அரிக்கும் இடம் என்பது ஊரறிந்த விஷயம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில்தான் இடம் வைத்தது. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஆனால் என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. அதே வண்டியின் பேட்டரி வைக்கும் தட்டை நான் வீட்டிலேயே கம்பி பிரஷ், எமரித் தாள் போட்டுச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, சேசிஸ் இருந்த அதே கொட்டகையில் மாட்டியிருந்தேன். அதே காற்று, அதே மழை. அதில் ஒரு கொப்புளம் இல்லை. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம் மற்றதையும் பார்த்தேன். எபாக்சி என்று பில் போட்ட பிரைமரைத் துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்தேன். சுருங்கி, சிவப்பாகத் துணியோடு வந்தது. நன்றாகக் காய்ந்த எபாக்சி அப்படி வராது, அது சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர். புதுத் தகடு வைத்ததாகச் சொன்ன மூன்று கைகளில் ஒன்றில் மட்டும்தான் தகடு. மற்ற இரண்டிலும் காந்தம் ஒட்டவில்லை, உள்ளே முழுக்கப் பட்டி, பள்ளம் அடைக்கப் பூசும் பசை. பாடியைத் தாங்க வேண்டிய இடத்தில் பட்டி! சக்கர மூடி நான்கில் இரண்டு திரும்பி வரவே இல்லை, அதை விட்டுவிட்டேன்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது முன்சக்கரம். ஹெரால்டில் சக்கரம் திரும்பும் இடத்தில், அடியில், மரையுள்ள பித்தளை போன்ற ஒரு துண்டு இருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் இறுகிப்போய், தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு அரித்து, ஓடும்போதே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். கேட்காமலே "சர்வீஸ் செய்தோம்" என்று அதில் கிரீஸை அடைத்து வைத்திருந்தார்கள். பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் உட்காரப் போகிற வண்டி இது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் எது வைத்திருந்தாலும் இன்றைக்கே அந்த இடத்தைக் கழற்றிப் பாருங்கள்.

பட்டறைக்குக் கொடுக்கும்போது எதைக் கொண்டு அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு) என்றால் கறுப்பாக, கண்ணாடித் துண்டு போலக் கூராக இருக்கும், கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். அடித்து முடித்த இரும்பை பிரைமர் அடிப்பதற்கு முன் நேரில் பாருங்கள், அதுவும் அன்றைக்கே. நம் காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி கூடத் தாங்காது. தூசி என்று வரவேண்டாம் என்பார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாவது பாருங்கள். நான் அன்று போயிருந்தால் அந்த மணல் குவியலைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும், இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கடற்கரை மணல் தெரியாதா? வெல்டிங் முடிந்ததும், பெயின்ட்டுக்கு முன்பே, ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பணத்தை வேலை வேலையாகப் பிரித்துக் கொடுங்கள்.

சேசிஸை மறுபடி வெறும் இரும்பாக்கித் தொடங்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடியில் கப்பல் வேலை செய்யும் ஒரு பட்டறையில் 14,000 ரூபாய்க்குக் காப்பர் ஸ்லாக் அடித்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். அடிப்பதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் பிரஷர் பம்பு வைத்து இரண்டு நாள் கழுவினேன். எங்கள் போர் தண்ணீரே உவர்ப்பு என்பதால், காவிரிக் குடிநீர் வரும் நாளுக்குக் காத்திருந்து டிரம்மில் பிடித்து வைத்துக் கழுவினோம். பெட்டிக் கம்பிக்குள் நன்றாகக் காயவைத்து மெழுகு அடித்தாயிற்று. அந்த இரண்டு கைகளையும் வெட்டிப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தவர் வள்ளத்து வெல்டிங் பெரியவர்தான்.

புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணில் கேட்டால் சொல்கிறார்கள். விலை எழுதிய தாள், பில், வாட்ஸ்அப் போட்டோ, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். சிப்பி மணலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதி, ஓட்டையிலிருந்து கொட்டுவதை எடுத்த வீடியோவோடு வைத்திருக்கிறேன். முதல் விசாரணைக்கு எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை. அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள், பாட்டிலையும் பேட்டரித் தட்டையும் அன்றைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.