பொது ஷெல் ஃபங்ஷன்களுக்கு எந்த டைரக்டரி? ஃபிஷ், இசட்எஸ்எச், பாஷ் ஓர் ஒப்பீடு

பலர் சேர்ந்து வேலை செய்யும் சர்வரில், எல்லோருக்கும் பொதுவான ஷெல் ஃபங்ஷன்களை (கட்டளைகளை இயக்கும் ஃபிஷ், இசட்எஸ்எச், பாஷ் போன்ற ஷெல்லுக்குள்ளேயே ஓடும், பெயர் வைத்த கட்டளைத் தொகுப்புகளை) எங்கே வைப்பது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஸ்கிரிப்டாக, அதாவது தனியாக ஓடும் கட்டளை ஃபைலாக, எழுத முடிந்ததை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரியில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். யார் எந்த ஷெல் வைத்திருந்தாலும் ஓடும். ப்ராஜெக்ட் டைரக்டரிக்கு சிடி செய்வது (அந்த டைரக்டரிக்கு மாறுவது), என்விரான்மென்ட் வேரியபிளை (ஷெல் வைத்திருக்கும் அமைப்பு மதிப்பை) மாற்றுவது போன்றவைதான் ஃபங்ஷனாக இருந்தே ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் தனி ப்ராசஸாக ஓடுவதால், அது செய்த சிடி அதோடு முடிந்துவிடும்.

இந்த விஷயத்தில் ஃபிஷ்தான் ஒழுங்கு. பயனருக்கு ஹோமில் .கான்ஃபிக்/ஃபிஷ்/ஃபங்ஷன்ஸ், அட்மினுக்கு /இடிசி/ஃபிஷ்/ஃபங்ஷன்ஸ், வெளிப் பேக்கேஜ்களுக்கு /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபிஷ்/வெண்டர்_ஃபங்ஷன்ஸ்.டி, கடைசியாக ஃபிஷ்ஷின் சொந்த டைரக்டரி. தேடும் வரிசையும் இதுவே. ஃபங்ஷனின் பெயரே ஃபைலின் பெயர், கூப்பிடும்போதுதான் ஏற்றும். ஃபைலைத் திருத்தினால், ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்களும் புதியதை எடுத்துக்கொள்ளும். ஒரே குறை, ஃபிஷ்ஷுக்கு எழுதியது வேறு எந்த ஷெல்லிலும் ஓடாது.

இசட்எஸ்எச் தேடும் டைரக்டரிகள் எஃப்பாத் என்ற பட்டியலில் இருக்கும். யோசனை கார்ன் ஷெல்லிலிருந்து வந்தது. ஆர்ச், ஃபெடோரா ஆகிய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகளில்) பேக்கேஜ்கள் தங்கள் ஃபங்ஷன்களை /யூஎஸ்ஆர்/ஷேர்/இசட்எஸ்எச்/சைட்-ஃபங்ஷன்ஸ் டைரக்டரியில் வைக்கும். இன்னொரு டிஸ்ட்ரோவான டெபியனில் அந்த வேலைக்கு வெண்டர்-ஃபங்ஷன்ஸ் என்று தனி டைரக்டரி. ‘சைட்’ என்பது அந்த இடத்து அட்மினுக்கே என்று /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் பக்கம் விட்டுவிட்டார்கள். எனக்கு டெபியன் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஆர்ச்சுக்கு எழுதிய இன்ஸ்டால் ஸ்கிரிப்டை டெபியனில் ஓட்டினால், ஃபைல் போய் உட்காரும், கூப்பிடும்போது ஏற்றிக்கொள்ளச் சொல்லும் ஆட்டோலோடு கட்டளையும் சத்தமில்லாமல் முடியும். ஃபங்ஷனைக் கூப்பிடும்போதுதான் ‘டெஃபினிஷன் ஃபைல் கிடைக்கவில்லை’ என்று எரர் வரும்.

இன்னொன்று, வசதிக்காக இசட்எஸ்எச்சின் ஃபங்ஷன் டைரக்டரியை குரூப் முழுக்க எழுதும்படி திறந்துவிடாதீர்கள். டேப் தட்டினால் கட்டளையை நிரப்பும் வசதியைத் தொடங்கிவைக்கும் காம்ப்இனிட் ஓடும்போது பாதுகாப்பில்லாத டைரக்டரி என்று முனகும். அதன் பயம் சரிதான். யாராவது அங்கே ஒரு ஃபைலை மாற்றி வைத்தால், அடுத்து முழு அதிகாரமுள்ள ரூட் பயனரே அதைக் கூப்பிடக்கூடும்.

பாஷ்தான் தலைவலி. பெரும்பாலான சர்வர்களில் இருப்பது அதுதான்; ஃபங்ஷனுக்கென்று நிலையான டைரக்டரி இல்லாததும் அதற்குத்தான். ஆட்டோலோடு வசதியை உதாரண ஃபங்ஷன்களாக அதன் சோர்ஸோடு தருகிறார்களே தவிர, ஷெல்லுக்குள் சேர்க்கவில்லை. அதனால் எல்லோரும் /இடிசி/புரொஃபைல்.டி டைரக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அது லாகின் ஷெல்லுக்கான, அதாவது உள்நுழையும்போது திறக்கும் ஷெல்லுக்கான இடம். டெபியனில் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வந்தால் ஃபங்ஷன் இருக்கும், டெஸ்க்டாப்பில் சாதாரண டெர்மினல் திறந்தால் இருக்காது. ஃபெடோராவில் இரண்டிலும் இருக்கும், காரணம் அங்கே /இடிசி/பாஷ்ஆர்சி அதே டைரக்டரியை மறுபடியும் படிக்கிறது. போதாததற்கு, அந்த ஃபைல்களை டாஷ் போன்ற எளிய ஷெல்லும் படிக்க நேரும். பாஷ் நடையில் எழுதிய அர்ரே (பல மதிப்புகளின் பட்டியல்) ஒன்று இருந்தால் அங்கேயே சின்டாக்ஸ் எரர்.

எல்லோரும் ஃபிஷ் என்றால் /இடிசி/ஃபிஷ்/ஃபங்ஷன்ஸ், எல்லோரும் இசட்எஸ்எச் என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே உள்ள சைட்-ஃபங்ஷன்ஸ். பாஷும் இசட்எஸ்எச்சும் கலந்திருந்தால், இரண்டிலும் ஓடும்படி போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் நடையில் எழுதி, /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் கீழே குழுவின் பெயரில் ஒரு டைரக்டரியில் வைப்பேன். /யூஎஸ்ஆர்/லோக்கலில் டிஸ்ட்ரோ பேக்கேஜ்கள் கை வைக்காது. டெபியனில் அதைப் படிக்க /இடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி ஃபைலிலும் /இடிசி/இசட்எஸ்எச்/இசட்எஸ்எச்ஆர்சி ஃபைலிலும் ஒரு வரி போதும். அப்கிரேடில் அந்த ஃபைல்களுக்குப் புதிய பதிப்பு வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜி கேட்கும். யோசிக்காமல் புதியதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் சேர்த்த வரி போய்விடும்.