'வெல்னஸ் செமினார்' என்று கம்பெனிக்கு வருகிறார்களா? பிள்ளைகளின் கைரேகையைக் கொடுக்காதீர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பயிற்சி நிறுவனம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி 'வெல்னஸ் செமினார்' நடத்துகிறது. எங்கள் கம்பெனியிலும் ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்தது. எல்லோரையும் மதித்துப் பழகுவது, பிள்ளை வளர்ப்பு, 'நான் யார்' என்று மூன்று தலைப்புகள்.

முதலாவதில் பலூன் ஊதி உடைக்கும் விளையாட்டும், வட மாநிலத் தொழிலாளர்களைக் கிண்டல் செய்யும் ஜோக்கும்தான். மதித்துப் பழகுவதாம்! இதையே பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படியான விழிப்புணர்வுக் கூட்டமாகவும் கணக்குக் காட்டலாம் என்று எச்.ஆரிடம் சொல்லியிருக்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அந்த 2013 சட்டம். தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள்தான். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிள்ளை வளர்ப்பு என்றது உண்மையில் வியாபாரம். 'டி.எம்.ஐ.டி.' என்று ஒரு டெஸ்ட். குழந்தையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்தால் படிப்பு எப்படி வரும், டாக்டர் ஆகுமா இன்ஜினியர் ஆகுமா என்பதெல்லாம் தெரிந்துவிடுமாம். ஒரு குழந்தைக்கு 3,500 ரூபாய். "இன்னாக்கா, ரேகைய பாத்து சொன்னா அது ஜோசியம் இல்லியா?" என்று குடியாத்தத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி என் காதில் கேட்டாள். அவள் கட்டவில்லை. நான் உட்படப் பலர் கட்டினோம். மறு வாரம் பிள்ளைகளைக் கூட்டிவந்து ரேகையும் கொடுத்தோம்.

ரிப்போர்ட் வந்ததும் பக்கத்து லைன் சூப்பர்வைசர் மகனுடையதையும் என் மகளுடையதையும் வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி ஒன்றே. என் மகளுடையதில் ஓரிடத்தில் வேறு ஏதோ பையன் பெயரை மாற்றக்கூட மறந்திருக்கிறார்கள். இந்த டெஸ்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "மேடம், ரிப்போர்ட் கொடுத்தாச்சே" என்றார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை. பணம் போனதைவிட, எங்கள் பிள்ளைகளின் ரேகை யாருடைய லேப்டாப்பில் கிடக்கிறதோ என்பதுதான் உறுத்துகிறது. பாஸ்வேர்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசி அமர்வை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வீட்டில் சொல்லாத ஒன்றைச் சீட்டில் எழுதுங்கள், யாரும் படிக்க மாட்டோம் என்றார் அந்தப் பயிற்சியாளர். எழுதி வாங்கியபின் மைக்கில் படித்தார். தன் பாலின அடையாளம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அது யார் என்று டீ பிரேக்குக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரைத் தனியே அழைத்து, "பத்து சிட்டிங்கில் சரிபண்ணிடலாம்" என்று அதற்கும் ஒரு ரேட் சொல்லியிருக்கிறார்கள். இப்படி 'மாற்றும்' முயற்சிகளுக்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. இதைச் செய்யும் டாக்டர்மீதே நடவடிக்கை எடுக்கலாம் என்றால், இவர் டாக்டரே இல்லை. கார்டில் 'மைண்ட் கோச்' என்று இருக்கிறது. மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அந்த எண்ணைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. சீட்டு எழுதிய நண்பர் அதற்குப்பின் வேலைக்கு வரவில்லை.

மனசுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் சிலர் சேர்ந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் யாராவது இதே டெஸ்டுக்குப் பணம் கட்டியிருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். எச்.ஆர். கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.