பத்து மடங்கு லூப்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நகைக்கடைக்காரர்களும் நிலவியலாளர்களும் பயன்படுத்தும், உலோக உறைக்குள் மடங்கிக்கொள்ளும் கைக்கடக்கமான உருப்பெருக்கியான பத்து மடங்கு லூப் ஒன்று பல ஆண்டுகளாக என் சட்டைப்பையில் இருந்து வருகிறது. மூன்று லென்ஸ்களை ஒட்டிச் செய்யப்படும், 'டிரிப்லெட்' எனப்படும் வகை அது. வியப்பூட்டும் அறிவியல் செய்திகளைப் படித்ததோடு விட்டுவிடாமல், அவற்றில் பலவற்றைத் தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ள விரும்புவோருக்கு இதைவிட எளிய கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. லென்ஸின் குவியத் தொலைவால், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை அது குவிக்கும் தூரத்தால், 250 மில்லிமீட்டரை வகுத்தால் அதன் உருப்பெருக்கம் கிடைக்கும். பத்து மடங்குக்கு 25 மி.மீ. போதும், முப்பது மடங்குக்கோ ஏறக்குறைய 8 மி.மீ. வேண்டும். சந்தையில் 21 மி.மீ. அகலமுள்ள கண்ணாடியுடன் 'முப்பது மடங்கு' என்று அச்சிட்ட லூப்புகள் ஏராளமாக விற்கின்றன. ஆனால், அதே அகலத்தில் சாதாரணக் கண்ணாடியை முழு உருண்டையாகவே கடைந்தாலும் அதன் குவியத் தொலைவு 15 மி.மீ. அளவுக்குக் கீழே இறங்காது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரான லீவன்ஹுக் செய்த ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கிகளில் ஒன்று 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டியதென்றால், அதன் லென்ஸ் மிளகைவிடச் சிறியதாக இருந்ததே காரணம். ஆகவே, கடையிலேயே சன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, தொலைவிலுள்ள கட்டடத்தின் தலைகீழ் உருவம் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்தி, இடைப்பட்ட தூரத்தை அளந்துவிடுங்கள். 25 மி.மீ. வந்தால் தயங்காமல் வாங்கலாம். வைரத்தில் குறையில்லை என்று தரச்சான்று கொடுப்பவர்களும் பத்து மடங்கில் எதுவும் தென்படவில்லை என்பதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்து, பொருளை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவர்களுக்குச் சிறு வட்டம் மட்டுமே தெரிவதால், கருவியையே குறைசொல்லி வைத்துவிடுகிறார்கள்.

நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது ஆலம்பழத்தைத்தான். 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழி ஆலுக்கும் பொருந்தும். ஆனால், உள்ளே நெளிபவற்றில் பெரும்பாலானவை புழுக்கள் அல்ல, குளவிகள். பழுக்கத் தொடங்கும் ஒரு காயைப் பிளேடால் இரண்டாக அறுத்து லூப்பின் கீழே வைத்தால், நாம் பழம் என்று சொல்வது உட்புறமாகத் திரும்பிய ஒரு பூங்கொத்து என்பதும், சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான மலர்கள் நெருக்கியடித்து நிற்பதும் புலப்படும். அவற்றுக்கிடையே ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவிகள் சிறகை விரிக்க இடமின்றித் தடுமாறும். சிறகே இல்லாத ஆண் குளவிகளையும் தேடினால் காணலாம். அவை இணைசேர்ந்து, பெண் குளவிகள் வெளியேற வழி குடைந்துகொடுத்துவிட்டு, பெரும்பாலும் அந்தக் காய்க்குள்ளேயே இறந்துபோகின்றன. மகரந்தத்தோடு வெளியேறும் பெண் குளவி இன்னொரு காயின் நுனித்துளை வழியாக நுழையும்போது, அந்தத் துளை அவ்வளவு இறுக்கமானதாகையால், தன் சிறகுகளை இழந்துவிடுகிறது. ஆலமரத்துக்கு மகரந்தம் சேர்க்கும் இந்தக் குளவியின் அறிவியல் பெயர் யூப்ரிஸ்டினா மசோனி. இந்தக் குளவி இல்லையென்றால் ஆலமரம் விதை வைக்காது என்ற செய்தி, அறுத்த காயைப் பார்த்துக்கொண்டே நினைக்கும்போது முற்றிலும் வேறு கனத்தோடு மனத்தில் பதிகிறது.

அடுத்தபடியாக மணல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் தூவினால், இளஞ்சிவப்புக் கார்னெட், கருமையான இல்மனைட், நிறமற்ற சிர்கான், தேன் நிற மோனசைட் எனத் தனித்தனி மணிகளாகப் பிரிந்து தெரியும். எடை குறைந்த குவார்ட்ஸை அலை இழுத்துச் செல்ல, அடர்த்தி மிகுந்த கனிமங்கள் கரையிலேயே தங்கிவிடுவதால் இந்தச் சேர்க்கை உண்டாகிறது. தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் அடங்கிய மோனசைட் இங்கே இருப்பது 1909-இல் தெரியவந்தது. இந்தப் பகுதி அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்ததே அதற்கு வழிவகுத்தது.

நாளிதழின் வண்ணப்படம் நான்கு மைகளின் புள்ளிகளாகவும், கைப்பேசித் திரையின் வெண்மை சிவப்பு, பச்சை, நீல விளக்குகளாகவும் உடைவதை எல்லோரும் முதல் நாளே பார்த்துவிடுவார்கள். அதைவிட எனக்கு நிறைவளித்தது பானைக் கீறல். கீழடி, கொடுமணல் போன்ற இடங்களில் கிடைத்த ஓடுகளிலுள்ள கீறல்கள் சுடுவதற்கு முன் போடப்பட்டவையா, பின் போடப்பட்டவையா என்று தொல்லியலாளர்கள் வகைபிரிப்பது எப்படி என்று அறிய, ஒரு குயவரிடம் சொல்லி ஈரப்பானையில் ஒரு கோடு போட்டுச் சுட்டு வாங்கி, அதன் அருகிலேயே ஆணியால் இன்னொரு கோடு கீறினேன். முதல் கோட்டின் இருபுறமும் மண் வரப்புப்போல் ஒதுங்கி மேடாகியிருந்தது. இரண்டாவதின் ஓரங்கள் சிறுசிறு சில்லுகளாகத் தெறித்திருந்தன. அகழாய்வுத் தளத்து ஓட்டை எடுத்துவந்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அது கிடந்த இடமே அதன் சான்று.

கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். வெறுங்கண் பிரித்தறியும் அளவு ஏறத்தாழ 0.1 மி.மீ. என்றால், இது 0.01 மி.மீ. வரை கொண்டுசெல்லும், பாக்டீரியா அதைவிடப் பத்து மடங்கு சிறியது என்பதால் தெரியாது. நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ்களில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதால் என் லூப் இன்றும் தெளிவாக இருக்கிறது. கீல் திருகு மட்டும் அவ்வப்போது தளர்வதால், மூக்குக்கண்ணாடித் திருப்புளி ஒன்றை உடன் வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் கொடுப்பவர்கள், இதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.