திருகோணமலையில் ஒரு கராத்தே வகுப்பு: கடைசிப் பத்து நிமிடம்

உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு நடக்கிறது ஷோட்டோகான் எனும் கராத்தே பாணி வகுப்பு. பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான்: இதைப் பழகிய பிள்ளை, யாரும் அடிக்க வந்தால் சமாளிக்குமா? இப்போது நடக்கிற விதத்தில் சமாளிக்காது. ஆனாலும் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மொத்தம் 90 நிமிடம். உடம்பைச் சூடாக்க 20, கிஹோன் எனும் அடிப்படை அடிகளுக்கு 35, வரிசையான அசைவுகளைத் தனியாகச் செய்யும் கட்டாவுக்கு 25. இருவர் எதிரெதிரே நிற்கும் குமித்தேக்கு மிஞ்சுவது 10 நிமிடம்.

கட்டா சொல்லிக்கொடுப்பதில் மாஸ்டரிடம் குறை காண முடியாது. ஹெய்யான் ஷோடான் எனும் தொடக்கக் கட்டாவில் 21 அசைவுகள். தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். பிள்ளையின் காலடியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டுத் தொடங்கச் சொல்கிறார். முடிவில் ஒரு சாண் தள்ளி நின்றால், எந்த எட்டு குறுகியது என்று பிள்ளையையே தேட விடுகிறார். முன்முழங்கால் உள்ளே சாய்வதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துத் திருத்துகிறார். சமநிலை, இடுப்புத் திருப்பம், கால்பலம் எல்லாம் இதில் நன்றாகவே வரும்.

கோளாறு, ஒரே குத்தை வைத்துப் பழகும் இப்போன் குமித்தேயில். அடிப்பவர் "ஜோடான்!" என்று கத்தி, முகத்துக்குக் குத்தப்போவதை முன்கூட்டியே அறிவிக்கிறார். ஒரு எட்டு வைத்துக் குத்தி, நீட்டிய கையை அப்படியே வைத்திருக்கிறார். மற்றவர் பின்வாங்கி, மேல்தடுப்புப் போட்டு, எதிர்க்குத்து விடுகிறார். பார்க்க அழகுதான். ஆனால் பாதிப் பிள்ளைகளின் கைமுட்டி எதிராளியின் மூக்குக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. எதிரில் நிற்பவர் தடுக்காமல் சும்மா நின்றாலும் அடி படாது. அப்படியிருக்க, எது தன்னைத் தொடும் தூரம், எது தொடாத தூரம் என்று அந்தப் பிள்ளை எப்படிப் பழகும்? சண்டையில் குத்திய கை உடனே திரும்பிவிடும், இரண்டாவது குத்து பின்னாலேயே வரும். இங்கே இரண்டாவது குத்தே கிடையாது.

குத்தாமல் இடுப்பில் ஒட்டி வைக்கும் மறு கையும் அப்படித்தான். பிடித்த சட்டையையோ மணிக்கட்டையோ தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடிக்கும்போதுதான் அந்த இழுப்புக்கு அர்த்தம். எதையும் பிடிக்காமல் கை இடுப்பில் கிடந்தால் முகம் திறந்துகிடக்கும். மேல்தடுப்பில் முதலில் குறுக்கே போகும் கைதான் குத்தை விலக்கக்கூடியது. பிறகு எழும் முன்னங்கை அடிக்கவும் உதவும். வகுப்பில் முதல் கையை வெறும் ஆயத்தமாகவே காட்டுகிறார்கள்.

இது பழைய சிக்கல். ஜூடோவை உருவாக்கி, 1882இல் அதற்கான கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான பிடிகளைக் கட்டாவுக்கு ஒதுக்கி, மற்றவற்றை முழுப் பலத்தோடு எதிர்க்கும் ஆளிடம் பழகும் ரண்டோரியில் வைத்தார். ஜூடோக்காரர் பிடித்தால் பிடி நிற்பது அதனால்தான். ஷோட்டோகானை வெறும் கூத்து என்று தள்ளவும் முடியாது: அதில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா 2009இல் யூஎஃப்சி எனும் கலப்புச் சண்டைப் போட்டியில் பட்டம் வென்றார். தூரமும் நேரமும் அவருடைய பலம். எதிர்க்கிற ஆளோடு மோதாமல் இரண்டும் வராது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சீனடி சிலம்படி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பு மெய்யாகவே வந்தால் கால் தானாக விலகும்.

திருத்துவது கஷ்டமில்லை. கிஹோனில் 15 நிமிடம் குறைத்தால் குமித்தேக்கு 25 கிடைக்கும். முதலில், நெஞ்சுக் காப்பைத் தொடும் தூரத்தில் மெதுவாகக் குத்த வேண்டும். அடுத்து, அறிவிக்காமல். பிறகு கையை உடனே இழுத்து இரண்டாவது குத்து. கடைசியில், ஒரு நிமிடச் சுற்றில் இருவரும் விரும்பியபடி. கையுறையும் பல் காப்பும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் அடி வேண்டவே வேண்டாம்.

மூலையில் குத்திப் பழகும் மெத்தைகள் (பஞ்சிங் பாட்) இரண்டு தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றையும் எடுக்கலாம். காற்றில் மட்டும் குத்துகிறவருக்கு முழங்கை வெட்டி நோகும். முதல்முறை கனமான ஒன்றில் குத்தும்போது மணிக்கட்டு மடியும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு டச் பே கடற்கரையில் பயிற்சி. மான்கள் குறுக்கே வந்தால் வரிசை கலைந்துவிடும், அது வேறு கதை. ஓட்டத்துக்கு உதிர்மணல் நல்லது. எதிர்க்குத்துக்கு ஆகாது: பின்கால் புதைந்துவிடுவதால் இடுப்பு திரும்பாது, முழங்கால்தான் முறுகும். அதை அலை நனைத்த இறுகிய மணலில் செய்விக்கலாம்.

மாதக் கட்டணம் 2000 ரூபா. பட்டிப் பரீட்சைக்குத் தனிக் காசு, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்குமுன் ஒருநாள் 5.20க்குப் போய்க் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். தடுக்கிற பிள்ளை அசையாமல் நின்றால் அந்த முட்டி மூக்கில் படுமா என்று மட்டும் கவனியுங்கள்.