அயர்லாந்துத் தேர்தல் நினைவுப் பொருள் சேகரிப்பு: துண்டறிக்கையா, போஸ்டரா?

வீட்டில் இடம் கொஞ்சம்தான் என்றால், என் ஓட்டு துண்டறிக்கைக்கே. அயர்லாந்தில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களிக்கிறார்கள். ஒரு தொகுதியிலிருந்தே பலர் தேர்வாவதால், அங்கே ஒரு கட்சி பலரை நிறுத்துவதுண்டு. இந்தப் பகுதிக்காரர்கள் இவருக்கு 1, அவருக்கு 2 போடுங்கள் என்று ஒரு தாள் கேட்கும். பக்கத்துப் பகுதித் தாளில் வரிசை மாறியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், தன் வேட்பாளர்களுக்குள் வாக்கைப் பங்கிட கட்சி போட்ட கணக்கே தெரிந்துவிடும்!

போஸ்டரில் பெரும்பாலும் முகம், பெயர், சின்னம், அவ்வளவுதான். ஆனால் விளக்குக் கம்பத்தில் தொங்கிய அந்த நெளி பிளாஸ்டிக் அட்டையின் கம்பீரம் தாளுக்கு வராது. வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்குள் அகற்றவேண்டும் என்பது சட்டம். அப்போதே வேட்பாளரின் ஆட்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். துண்டறிக்கை என்றால் எந்தத் தேர்தல், எந்தத் தெரு என்று உறைமேல் எழுதிவையுங்கள்.