கம்பஸ் சுகாதார நிலையம்: டொக்டருக்கு ஐந்துக்கு ஐந்து, கவுண்டருக்கு இரண்டு

புதிதாக வரும் தங்கச்சி, தம்பிமார் கேட்பதால் எழுதுகிறேன். காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்றால் எங்கள் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். காசு வாங்குவதில்லை. டொக்டர் அம்மா அவசரப்படுத்த மாட்டார். என் தட்டுத்தடுமாறிய சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழிலேயே சொல்லுங்க மகள்" என்றார். இந்தக் கம்பஸில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

மருந்து கவுண்டர் வேறு கதை. மாத்திரை உறையில் எத்தனை, எப்போது என்பதெல்லாம் சிங்களத்தில் மட்டும். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கியது. கவுண்டருக்கு இன்னும் தகவல் வரவில்லை போல. கேட்டால் சொல்கிறார்கள்தான். பின்னால் வரிசை நிற்கும்போது கேட்கத் தைரியம் வேண்டுமே.

எனக்கு இது சின்னச் சிரமம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளருக்கு அப்படியில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் கிளினிக் போகிற நாளில் பேர் விழாது, அதாவது வேலை நாளாகக் கணக்கில் வராது, சம்பளம் போய்விடும். பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரியில் டொக்டர் இல்லை, வைத்திய உதவியாளர்தான். அம்மாவின் பிரஷர் கிளினிக் கொப்பியை நான் லீவில் போய்த்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். சமூகவியல் ஆய்வுக்கு இதையே எடுத்திருக்கிறேன், மிஸ்ஸும் சரி என்றுவிட்டார்.

உறையில் சூரியன், நிலா படம் அச்சடித்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள். அப்புறம், காலையிலேயே போங்கள். மாணவர் அட்டை முக்கியம்.