ழகரத்தில் தொடங்கும் நண்டு: எமோஜி குறுக்குவழி, மூன்று வருடம் கழித்து

விடிகாலையில் பாம்பன் கரையில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் மீன் வரத்தைப் போடுவது என் பிழைப்பில் பாதி. ஏலத்தில் எடுத்ததைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் போடுவதற்குள் பரமக்குடிக்கும் மதுரைக்கும் தகவல் போயிருக்க வேண்டும். ஒரு கை ஈரம், இன்னொரு கையில் போன். எமோஜிப் பக்கத்தைத் திறந்து, பழத்தையும் காரையும் தள்ளித் தள்ளி நண்டைத் தேடினால் அடுத்த கூறு கைமாறிப் போய்விடும்.

கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தனிப்பட்ட அகராதி என்று ஒன்று இருக்கிறது. கீபோர்டு அமைப்புகளில் அகராதிக்குள் போய், தமிழைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியைத் தொட்டால் இரண்டு கட்டம் வரும். ஒன்றில் எமோஜி, மற்றதில் நம் குறுக்குவழி. அப்புறம் அந்தக் குறுக்குவழியை அடித்தால் எழுத்துகளுக்கு மேலே படம் வந்து நிற்கும், தொட்டால் போதும். ஐபோன் வைத்திருக்கும் மச்சானுக்கு அதுவும் வேண்டாம். இடைவெளி விட்டதுமே தானாக மாறிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பார்த்துத் தொட்டால்தான் மாற வேண்டும்.

அப்படிப் பார்த்தும் ஒரு முறை மாட்டினேன். ஆரம்பத்தில் நண்டுக்கு 'நண்' என்று வைத்திருந்தேன். தெருவில் ஒரு துக்கம். 'நண்பருக்கு அஞ்சலி' என்று அடிக்கும்போது ஈரக் கட்டைவிரல் மேலே பட்டு, 🦀 போட்டு அஞ்சலி போய்ச் சேர்ந்தது. நான் அழிப்பதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் அன்றைக்குத்தான் உதவியது. தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. ஆகவே என் குறுக்குவழி எல்லாவற்றுக்கும் முதலெழுத்து ழ. நண்டு 'ழந', கணவாய் 'ழக', இறால் 'ழஇ'. அதற்குப் பிறகு எந்தச் சொல்லோடும் மோதவில்லை.

தனி எமோஜிக்காக மட்டும் இதைச் செய்தால் பெரிய லாபம் இல்லை. விளைமீன், நகரை, சீலா என்று எது வந்தாலும் போனில் அதே 🐟 தான். ஊசிக் கணவாயா ஓட்டுக் கணவாயா என்பதையும் படம் சொல்லாது. அதனால் இப்படிக் குழப்பம் வருகிறவற்றுக்குப் படத்தோடு பெயரையும் சேர்த்தே பதிந்திருக்கிறேன். 'ழவி' அடித்தால் '🐟 விளைமீன்' என்று வரும். 'ழபு' அடித்தால் 'புயல் கூண்டு ஏற்றியாச்சு, இன்று படகு போகவில்லை'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளும் 'ழத' ஒன்றே ஓடும்: 'தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்'. மொத்தம் பதினாலு. இருபதைத் தாண்டியபோது எனக்கே மறந்துபோனது, பாதியை அழித்துவிட்டேன்.

போன வருடம் போன் உப்புத் தண்ணீரில் விழுந்தது. புதுப் போனில் அகராதி காலி, பதினாலையும் மறுபடி பதிந்தேன். இப்போது நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தீராத குறை ஒன்று உண்டு. சிங்கி இறால் படம் 2018இல்தான் எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடில் சேர்ந்தது. பழைய போனில் அது வெறும் கட்டமாகத் தெரியும். பரமக்குடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவர் கூப்பிட்டார்: "தம்பி, கட்டம் கட்டமா போட்டு ரெண்டு கிலோன்னு இருக்கே, அது என்ன மீனு?" அவருக்கு மட்டும் இன்னும் எழுத்தில்தான் அனுப்புகிறேன்.